முதலாளி உயரம்

உட்காரச் சொன்னார்கள்.

அவளுக்குப் புரியவில்லை. இந்த ஜவுளிக் கடைக்கு வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாத சொல்.

"ஏட்டி, உன்னியத்தான். உக்காரு," என்றார் சூப்பர்வைசர்.

முதலாளி அறை. நடுவில் புது நாற்காலி, பாலித்தீன் உறை பிரிக்காமல். கீழே சக்கரம், பக்கத்தில் இழுத்தால் ஏறி இறங்கும் கைப்பிடி. அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட வந்தவர் ஸ்பானரும் கையுமாகத் தரையில் மண்டியிட்டிருந்தார்.

முதலாளிக்கு இடுப்பு வலி. உட்கார்ந்து உட்கார்ந்தே வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாவம், உழைப்பு.

இந்த நாற்காலியை அவரவர் உடம்புக்குத் தக்கபடி திருகி வைக்க வேண்டுமாம். பூட்டி முடிப்பதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. ராகு காலத்தில் முதலாளி புதுச் சாமானில் உட்கார மாட்டார். பூட்ட வந்தவருக்கோ அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

அதனால் அளவு பார்க்க அவள்.

கடையில் முதலாளி உயரம் யார் என்று சூப்பர்வைசர் தேடவே இல்லை. அவளை எல்லோரும் குள்ளச்சி என்பார்கள். முதலாளியை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ராகு காலத்தில் அவள் மட்டும் உட்காரலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை பாருங்கள். ராகுவுக்கும் ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியும் போல.

"உறையக் கிழிச்சிராத," என்றார் முதலாளி, கைபேசியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

உட்கார்ந்தாள்.

காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து சேலைப் பிரிவில் நின்ற கால். கெண்டைக்காலில் பச்சை நரம்பு புடைத்துக் கிடக்கும். சாயங்காலமானால் எரியும். அலமாரியில் லேசாகச் சாய்ந்தாலே சூப்பர்வைசர் கனைப்பார்.

இப்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று வந்து தாங்கியது.

கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடவில்லை.

"பாதம் முழுசா தரையில பதியுதாம்மா?" என்று கேட்டார் பூட்ட வந்தவர்.

பதிந்தது. அழகாகப் பதிந்தது.

"இல்லண்ணே."

கைப்பிடியை இழுத்து இறக்கினார்.

"இப்ப?"

"இப்ப முட்டி தூக்குது."

ஏற்றினார்.

"முதுகு?"

"நடுவுல இடிக்கி."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சாமான் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். நிதானமாகத் தேடினார். அடுத்த இடம் அவருக்கு மறந்தே போய்விட்டது.

முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

பழைய நாற்காலி காலையிலேயே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டது. அறையில் வேறு நாற்காலி கிடையாது. வருகிறவர்களை உட்கார வைத்தால் எழுந்து போக மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஒரு காலை மாற்றி நின்றார். மறு காலை மாற்றி நின்றார். மேசையைப் பிடித்தார். உஸ் என்றார். ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குச் சேலை பிரித்துக் காட்டும் நேரம்கூட ஆகியிருக்காது.

அவள் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிற்கக்கூடத் தெரியவில்லை மனுஷனுக்கு. இந்த ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம்?

"என்னப்பா, முடிஞ்சுதா இல்லியா?"

"கையும் மேசையும் மட்டம் பாக்கணும் அண்ணாச்சி. அவசரப்பட்டா உங்க இடுப்புக்குத்தான் கேடு," என்றார் தரையில் இருந்தவர்.

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்துக் கிடங்குப் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டூல் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கியவற்றில் ஒன்று. ஆய்வுக்கு வந்தவர்களுக்குக் காட்டிவிட்டு, அத்தனையையும் கிடங்கில் போட்டுப் பூட்டியாயிற்று. இதுவரை யாரும் உட்காராத ஸ்டூல்.

அதுவும் புதுச் சாமான்தான். ராகு அவர் நினைவுக்கு வரவில்லை. தொப்பென்று உட்கார்ந்தார்.

அவரைப் பார்க்க இப்போது அவள் குனிய வேண்டியிருந்தது.

"சரியாயிட்டா?" என்று கீழே இருந்து கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம், மொதலாளி."

ராகு காலம் முடிந்தது. அவள் எழுந்தாள். உறையைக் கிழித்தார்கள். முதலாளி ஏறி உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடினார். ஒரு திருகுகூட மாற்றச் சொல்லவில்லை.

அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டாள்.

"ஏட்டி, அது எங்க போகுது?" சூப்பர்வைசர் கதவுவரை வந்து மறித்தார்.

"மொதலாளி உக்காந்தது சார். மறுபடி கிடங்குல தூக்கிப் போட்டா, அவருக்கு என்ன மரியாத?"

அவர் உதவிக்கு உள்ளே திரும்பிப் பார்த்தார்.

உள்ளே லேசான குறட்டை.

சேலைப் பிரிவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் மேல் தட்டில் இருந்த மாம்பழ மஞ்சளைக் கேட்டார். எழுந்தாள். எடுத்து விரித்துக் காட்டினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பிரிவுப் பெண் சேலை மடிப்பதை நிறுத்தினாள். அவளுக்கு அடுத்தவளும் நிறுத்தினாள்.

சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கிய கிடங்குச் சாவியை இருவரும் பார்த்தார்கள்.