நல்ல குடும்பத்து ஈ

மொட்டைமாடித் தோட்டத்துக்கு ரணகள்ளிச் செடி புதிதாக வந்து சேர்ந்த வாரத்தில், மஞ்சள் வரி போட்ட ஈ ஒன்று அதன் தடித்த இலைகளுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்றது.

“உன் இலையில நாலு முட்டை வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டது.

ரணகள்ளி பக்கத்துத் தொட்டி ரோஜாவைப் பார்த்தது. “என்னக்கா சொல்றீங்க?”

“யோசிக்கவே வேணாம்,” என்றது ரோஜா. “போன வருஷம் என் மொட்டெல்லாம் அசுவினிப் பூச்சி. இவளோட சொந்தக்காரி பெத்த புழுக்கள்தான் ஒண்ணு விடாம தின்னு தீர்த்துச்சு. தங்கமான குடும்பம். நான் பொறுப்பு.”

ரணகள்ளி சம்மதித்தது. ஐந்தாம் நாள் முட்டைகள் பொரிந்தன. அந்தப் புழுக்கள் அசுவினியைத் தேடவே இல்லை. இலைகளைத் துளைத்து உள்ளே நுழைந்து சதையைத் தின்றன. நாலு இலைகள் கறுத்துக் கூழாயின. புழுக்கள் தண்டை நெருங்கியபோது, ரணகள்ளி மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த நாலையும் உதிர்த்தது. உச்சியில் இரண்டே இலைகள் மிஞ்சின.

“அக்கா, அந்தப் புழுக்க என்னையேதான் தின்னுச்சு,” என்றது.

ரோஜா சிரித்தது. “அந்தக் குடும்பமா? இருக்கவே இருக்காது. உனக்குத் தண்ணி அதிகமாகி அழுகியிருக்கும்.”

“பதினோரு நாளா எனக்கு யாரும் தண்ணியே ஊத்தலையேக்கா!”

ரோஜா கொஞ்சமும் தயங்கவில்லை.

“அப்போ தண்ணி பத்தாம அழுகியிருக்கும்.”