எட்டாவது நாவலுக்கு ஓர் அர்ச்சனை

லண்டன் விம்பிள்டன் கோயிலின் அர்ச்சனைக் கவுண்டரில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. கயானாவில் பிறந்த நாவலாசிரியை மார்சியா வீராசாமி, நூலால் கட்டிய காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். ஏழு நாவல்களில் ஊரார் கதையை எழுதியவர். கையிலிருக்கும் எட்டாவது, அவருடைய சொந்தக் கதை. தமிழ் அவரிடம் பெயரில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. புத்தகத்தின் பேரில் அர்ச்சனை வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்கிறார். கவுண்டரிலிருக்கும் தவநாயகி ஐயரிடம் திரும்புகிறாள். "ஐயா, புத்தகத்துக்கு என்ன நட்சத்திரம் போடுறது? முடிச்ச திகதியைக் கேட்டன். ஒன்பது வருசமாக் கடைசி அத்தியாயம் வருகுதில்லையாம்." தேங்காய்த் தும்பைப் பிய்த்தபடியே ஐயர் சொல்கிறார்: "பிறக்காத பிள்ளையெண்டால் தாயின்ர பேருக்குத்தானே செய்யிறது? அவவின்ர நட்சத்திரத்தைக் கேளுங்கோ." மார்சியாவுக்குத் தெரியாது. பிறந்த தேதியைச் சொல்கிறார். தவநாயகி போனில் தட்டிப் பார்த்து, "ரேவதி" என்கிறாள். எழுபத்தொரு வயதில் முதல்முறையாகக் கேட்ட அந்தச் சொல்லை மார்சியா மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். உள்ளே மணி ஒலிக்கிறது. ஐயரின் குரலில் ரேவதி, மார்சியா என்ற இரு பெயர்களும் ஒரே மூச்சில் மந்திரத்துக்குள் போகின்றன. மார்சியா தூணோரம் அமர்ந்து, கட்டை அவிழ்த்து, எழுதப்படாத கடைசித் தாளை மடியில் விரிக்கிறார். கற்பூரம் அணைகிறது. அர்ச்சனைத் தட்டை நீட்டியபடி தவநாயகி நிற்கிறாள். மார்சியா நிமிரவில்லை, பேனா நகர்ந்துகொண்டிருக்கிறது.