அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

"நீ குடுத்த பெட்டி ஒரே லம்பாட்லா மாப்ளே. ஒரு பேரைத் தட்டிட்டு நான் குளிச்சிட்டே வந்துடலாம், அவ்வளவு மெதுவா போகுது."

வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பத்துமலை மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

அவர் என் மங்களம் அக்காவின் கணவர். வீடு ஈப்போவை ஒட்டிய சிலிபினில். எனக்கு ஈப்போ டவுனில் டைப்ரைட்டரும் கம்ப்யூட்டரும் பழுதுபார்க்கிற கடை. கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆறு மாதத்துக்கு முன்பு நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

கொடுத்தபோது நன்றாகத்தான் ஓடியது.

இந்த ஒரு மாதமாக அது படுத்துவிட்டது என்று கோயிலில் சொல்லியிருக்கிறார். முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறார். "சொந்த மச்சானுக்கே ஓட்டைப் பெட்டியைத் தள்ளிவிட்டியாமே சீனி" என்று என் வாடிக்கையாளர் ஒருவரே சிரித்துக்கொண்டு கேட்டார். அன்றைக்கே ஒரு டைப்ரைட்டரை என்னிடம் தராமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

மச்சான் முன்பு சுங்காய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து வரிசையாக நிற்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. தோட்டம் கைமாறி ஆட்கள் சிதறிப்போன பிறகு ஈப்போவில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் சேர்ந்தார். அந்தத் தோட்டத்து ஆட்களை எல்லாம் ஒருநாள் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு பெயரைத் தட்டி, வரிசைப்படுத்தச் சொல்லிக் காட்டினார்.

கம்ப்யூட்டர் யோசித்தது.

நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அது இன்னும் யோசித்தது.

"உள்ளே பல்லி பூந்திருக்கும்" என்றார் மச்சான். கொஞ்ச நேரம் கழித்து, எதிர்வீட்டு கிரைண்டர் கரண்டை இழுக்கிறது என்றார். அதற்கும் பிறகு, பெயர்கள் கூடிப்போய்க் கனமாகிவிட்டதோ என்றார்.

மூடியைக் கழற்றித் தூசியை ஊதினேன். பல்லி இல்லை. ஓர் எறும்புகூட இல்லை. அவர் என் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டே இருந்ததால், வாசலுக்குப் போய் கரண்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பார்த்து வரச் சொன்னேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது.

முன்பக்கம், வேகத்தைக் கூட்டுகிற சின்னப் பட்டன். எப்போதும் அமுங்கி இருக்க வேண்டியது, வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பச்சை விளக்கு அணைந்திருந்தது. முதலில் பார்த்திருக்க வேண்டியதே அதைத்தான். எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அமுக்கினேன். விளக்கு எரிந்தது. பெயர்கள் சரசரவென்று வரிசையில் வந்து நின்றன.

"ஐயோ, அதை எடுத்துடு தம்பி."

தேநீர்த் தட்டோடு அக்கா நின்றிருந்தாள். தட்டை வைத்துவிட்டு வந்து, பார்க்காமலேயே விரலை நீட்டிப் பட்டனைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. பழகிய விரல்.

கடைசி மகளையும் கட்டிக்கொடுத்து லூமுட்டுக்கு அனுப்பிய பிறகு வீட்டில் இரண்டே பேர். மச்சான் வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். "எது கேட்டாலும் 'ம்'தான். எத்தனை நாளைக்குத்தான் நான் முதுகோட பேசுறது?"

ஒருநாள் தூசி துடைக்கும்போது துணி அந்தப் பட்டனில் பட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டே இருக்க, மச்சான் உட்கார்ந்து அலுத்துப்போய் சமையல்கட்டுக்கு வந்திருக்கிறார். பூண்டை எடுத்து உரித்திருக்கிறார். தோட்டத்து இருளாயியின் மூத்த மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தெரியாத ஆள் உண்டா? அவன் கதை, அவன் மாமியார் கதை என்று போய், கடைசியில் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம்.

மறுநாளிலிருந்து அக்கா அக்கறையாகத் தூசி துடைக்கத் தொடங்கினாள்.

"இதனால பெட்டி ரோசாக் ஆயிடாதுல்ல?"

"பெட்டி கெடாதுக்கா. என் பேருதான் கெட்டுப்போச்சு."

"கோழிப் பிரட்டல் கட்டித் தரேன், எடுத்துட்டுப் போ" என்றாள்.

மச்சான் திரும்பி வந்து மீட்டர் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பழைய மெஷின், வயதாகிவிட்டது, இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். தொழிலில் நான் சொன்ன முதல் பொய். அவர் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

வழியனுப்ப வாசல் வரை வந்தவர், என் மோட்டார் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சமையல்கட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பட்டனைப் பாத்துட்டியா?"

நான் ஹெல்மெட் வாரை மாட்டுவதில் மும்முரமானேன்.

"எங்க ஆபீஸ்ல இதே மாதிரி நாலு இருக்கு மாப்ளே. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மச்சான் ஊர் பூரா என் மானத்தை வாங்குனீங்க?"

"நான் குறை சொல்லாம சும்மா இருந்தா உங்க அக்காவுக்குச் சந்தேகம் வந்துடும்லா. பட்டனைத் தட்டுறதை விட்டுடுவா."

பிறகு நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சமையல்கட்டுக்கும் அதைத் தாண்டிப் பின்வீட்டுக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"அடுத்த தடவையாவது நல்ல பெட்டியா பாத்துக் குடுலா!"