நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

அசர் தொழுகைக்குப் பிந்தைய வெயில் மேலப்பாளையத்து மைதானத்தில் சாய்ந்து கிடக்கிறது. ரெண்டு பக்கமும் முன்னேறாமல் தங்கள் கோலையே காத்து நின்று, ஆட்டமெல்லாம் கோலில்லாமல் முடிந்துபோவதால், இந்தப் பெருநாள் கால்பந்துப் போட்டிக்கு ஒரு புதுச் சட்டம்: கோல்கீப்பர் உட்பட அணி முழுக்க நடுக்கோட்டைத் தாண்டி நின்றால்தான் அடித்த கோல் செல்லும். "ஏறி வாலே இல்யாஸ், சட்டம் மாத்தியாச்சுல்லா! இன்னும் அங்கன என்னலே நிக்கெ?" என்று கத்துகிறான் கேப்டன் ஜாபர். பள்ளிக்கூட நாளிலிருந்து கோல்கீப்பராகவே நிற்கிற இல்யாஸ், முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டுகிறான். விடிந்தால் அவனுக்குச் சவுதியில் வேலை, தம்மாமுக்கு விமானம். கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்க எல்லாரும் ஓடும்போதெல்லாம் அவன் மட்டும் அந்தக் கோடியில், கையுறைக்குள் சத்தம் எழும்பாமல் தனியாகக் கைதட்டியிருக்கிறான். இந்தப் பக்கம் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கிறது. முந்தின பந்துக்குப் பாய்ந்து விழுந்த எதிர் கீப்பர் இன்னும் எழவில்லை. அவனுக்குப் பின்னால் வலை காலியாக ஆடுகிறது. ஓரத்திலிருந்து ஜாபர் தூக்கியடித்த பந்து வெயிலுக்குள் மறைந்து, மண் உதிர, நேராக இல்யாஸுக்கே இறங்குகிறது. "அடிலே!" மைதானமே எழுந்து நிற்கிறது. இல்யாஸ் துள்ளுகிறான். பந்தை ரெண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான்.