ஆள் நேரில் வரவேணும்

மகள் கௌசிகாவின் புதுக் காருக்குக் காப்புறுதி தேடிய, ஓர்ஸ் ஹில் பகுதியில் வசிக்கும் பூரணி அக்கா, கேள்வி கேட்டே இரண்டு முகவர்களை ஓட்டிவிட்டிருந்தாள். மூன்றாவதாக வந்து கதிரையில் அமர்ந்தாள் லோஜனா.

“கார் எங்கையும் முட்டினால் உங்கட ஆள் நேரில வருவாரோ, பிள்ளை?”

“தேவையில்லை அன்ரி. போனில படம் அனுப்பினால் உடன காசு.”

“படத்தை விடும். ஆள் வரவேணும்.”

“கேட்டால் கொட்டுற மழையிலயும் வருவினம்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. “அந்தக் காலத்தில மான் ஒண்டு குறுக்கால பாய, காரை மதிலில இடிச்சிட்டு அழுதுகொண்டு நிண்டனான். கொம்பனி ஆள் வந்தார். காரைப் பார்க்க முதல் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார்.”

“நல்ல மனுசன். இப்ப எங்க இருக்கிறார்?”

“குசினிக்க. தேங்காய் துருவுறார்.”

லோஜனா சிரித்தபடி விண்ணப்பத்தை நீட்டினாள். பேனாவை எடுத்த அக்கா, மகளின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பேசி வந்த சம்பந்தம் ஒண்டையும் எங்கட பிள்ளை விரும்பேல்லை. இப்ப உங்கட கொம்பனியில இருந்து வாற ஆள் கலியாணம் கட்டினவரோ?”