கதவுக்கு இந்தப் பக்கம்

மனைவி எமல்டா மேடையேறிய நேரம் பார்த்துச் சவரிராஜுக்கு இருமல் வந்தது. தைராய்டு அறுவைச் சிகிச்சையில் போன குரல் திரும்பி, பல வருடம் கழித்து இன்றுதான் பாடப்போகிறாள். அதுவும் ஒரே ஒரு பாட்டு. கூட இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கே தந்திக் கருவிகள். மைக் கிடையாது. அந்தச் சின்ன அரங்கில் மூச்சு விட்டால்கூடக் கேட்கும். கைக்குட்டையை வாயில் அழுத்திப் பார்த்தான், எச்சிலை விழுங்கிப் பார்த்தான். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். தன்னால் அவள் தடுமாறிவிடக் கூடாதென்று எழுந்து வெளியே ஓடினான். வராந்தாவில் இருமித் தீர்த்துவிட்டுத் திரும்பினால், கதவருகே நின்றவர் மறித்தார்.

“பாட்டு முடியுற வரைக்கும் தொறக்கக் கூடாதுங்க.”

“பாடுறது என் சம்சாரங்க!”

“அப்போ உங்களுக்குத் தொறந்தா அவங்களுக்குத்தானே சார் இடைஞ்சல்?”

சவரிராஜ் கதவில் காதை வைத்தான். செல்லோவின் உறுமல் மட்டும் மரத்தின் வழியே வந்தது. பாடுகிறாளா, நின்றுவிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. கதவை ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. கையைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

கடைசியில் கைதட்டல் எழுந்தது. கதவு திறந்ததும் முதலில் வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிப் பாடினாங்க?” என்று கேட்டான்.

“ஐயோ, நீங்க கேக்கலையா? அந்தக் கடைசி வரி இருக்கே...” என்று அவனுக்காக அதை முனகிக் காட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள்.

“ம்ஹூம், இப்படியில்ல,” என்றாள்.