ஆத்தா கேட்ட பொருளாதாரம்

நிலைவாசலில் வேப்பிலை செருகிய கையோடு செல்லியம்மாள் மருமகளிடம் சொன்னாள்.

"ஆத்தா பாட்டு பொஸ்தகத்த எட்தாந்து அவன் தலமாட்ல குந்திகினு படி, ரத்னா. ஆத்தா மனசு குளிரணும்."

ரத்னாவின் புருஷன் தேசப்பன் வாழையிலையில் கிடந்தான். உடம்பெல்லாம் அம்மை. இரண்டு நாளாகப் பேச்சில்லை.

பெட்டியில் பாட்டுப் புத்தகம் இல்லை. போன வாரம் அஞ்சம்மாள் வீட்டில் அம்மை கண்டபோது, ரத்னாதான் மாமியாரைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தாள். அம்மை இறங்கும்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே வராது. ஊருக்கே இருந்தது அந்த ஒரு புத்தகம்தான்.

சொன்னால் மாமியார் அபசகுனம் என்று இடிந்துபோவாள்.

பெட்டியில் கிடந்தது தேசப்பனின் பி.யூ.சி. பொருளாதாரப் பாடப்புத்தகம். ஒருமுறை அதில் கோட்டைவிட்டவன், செப்டம்பரில் மறுபடி எழுத, தினமும் திண்ணையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

ஆத்தா மன்னிக்கட்டும் என்று ரத்னா அதையே விரித்தாள். தாலாட்டு மெட்டில் இழுத்தாள்.

"பசித்தவனுக்கு முதல் கவளம் தரும் பயன்பாட்டை அடுத்த கவளம் தராது, தாயே..."

எழுத்து வாசனையே இல்லாத செல்லியம்மாள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

படிக்கப் படிக்க ரத்னாவுக்கே விளங்கியது. பொன்னேரிச் சந்தையில் இளநீர் இரட்டை விலைக்குப் போவதும், வாங்க ஆளில்லாமல் கத்திரிக்காய் அழுகுவதும் ஏன் என்று அதில் எழுதியிருந்தது. புருஷன் பிழைப்பானா என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சாயங்காலம் அவனுக்கு மூச்சு இரைத்தது. ஏமாற்றிய கோபத்தில் ஆத்தா அவனைக் கொண்டுபோய்விடுவாளோ? ரத்னாவுக்குப் படிக்கவும் பயம், நிறுத்தவும் பயம்.

"தேவை கூடி அளிப்பு குறைந்தால், தாயே..."

கண்ணீரில் அடுத்த வரி தெரியவில்லை.

"விலை ஏறும்" என்றான் தேசப்பன், கண்ணைத் திறக்காமல்.

அம்மை கண்டவன் வாயில் வருவது ஆத்தா வாக்கு. செல்லியம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் காதருகே வந்தாள்.

"நிறுத்தாத, படி. ஆத்தா இந்த வாட்டி பரிச்சையில தேறிடுவா போலகீது."